உதவி முதலில் வீட்டுக்குப் போகட்டும்

(மலேசியாவின் செகிஞ்சானில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். தகப்பன் நோயில் விழுந்தோ விட்டுப்போயோ தாய் தனியாகத் திண்டாடும் வீட்டில், பிள்ளைகளை என்ன செய்வது? "நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள், மூன்று வேளைச் சாப்பாடாவது கிடைக்கும்" என்று நம் மக்கள் உடனே சொல்கிறார்கள். இரக்கத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த யோசனை பிள்ளைக்கு நல்லதல்ல என்பதே என் உறுதியான கருத்து.

என் நிலையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அடித்துத் துன்புறுத்தும் வீட்டிலிருந்தும், பாலியல் கொடுமை நடக்கும் வீட்டிலிருந்தும் பிள்ளையை ஒரு நாளும் தாமதிக்காமல் மீட்க வேண்டும். வறுமைக்காக மட்டும் எந்தப் பிள்ளையையும் அதன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. இந்த இரண்டு நிலைகளையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குழப்பத்தின் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

தோட்டம் பிள்ளை வளர்த்த விதம்

செகிஞ்சான் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நெல் வயல்தான் நினைவுக்கு வரும். வடக்கு சிலாங்கூர்த் தமிழர்களின் வாழ்க்கையோ இந்த வயல்களுக்குப் பின்னாலும் தெற்கிலும் பரந்து கிடந்த தோட்டங்களில் உருவானது. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துவந்த இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தெனமாரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டில், இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. ரப்பரிலும் செம்பனையிலும் வேலை செய்த நம் பெண்கள் விடியுமுன்பே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நிற்க வேண்டும். கைக்குழந்தையை எங்கே விடுவது? ஆயாக் கொட்டகையில்.

அந்தக் கொட்டகையை நான் மிகைப்படுத்திப் புகழ மாட்டேன். பல தோட்டங்களில் அது வெறும் தகரக் கூரையும் வரிசையாகக் கட்டிய தூளிகளும்தான். ஆனால் அது ஒரு பெரிய காரியத்தைச் செய்தது. தாய் வேலைக்குப் போக முடிந்தது; பிள்ளை மாலையில் தாயின் கைக்கே திரும்பியது. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்தது. பிள்ளைக் காப்பகம் வைக்கும் பொறுப்பை, 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டமும் தோட்ட முதலாளிமீது சுமத்தியிருக்கிறது.

இதைவிடப் பெரிய சோதனை ஜப்பானியர் காலத்தில் வந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் விதவைகளும் தகப்பனில்லாப் பிள்ளைகளும் மிஞ்சினார்கள். போர் முடிந்ததும், 1946ஆம் ஆண்டில், இந்நாட்டின் சமூக நலத் துறை தோன்றியது. சுவாமி சத்தியானந்தா தொடங்கிய சுத்த சமாஜம் போன்ற அமைப்புகள் யாருமற்ற பிள்ளைகளுக்கு அடைக்கலம் தந்தன. அவர்கள் செய்த தொண்டை நாம் என்றும் நன்றியோடு நினைக்க வேண்டும். பெற்றோரும் உறவும் இல்லாமல் போன பிள்ளைக்கு இல்லம் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. அதே காலத்தில் எத்தனையோ பிள்ளைகளைச் சித்தியும் பெரியம்மாவும் அத்தையும் அடுத்த வீட்டுக்காரரும் தங்கள் பிள்ளைகளோடு ஒன்றாக வளர்த்தார்கள். அந்த வளர்ப்புக்கு எந்தப் பதிவேடும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று இந்த அரங்கிலும் இருக்கக்கூடும்.

பிறகு என்ன நடந்தது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாக மாறின. ஒரே லயத்தில் வாழ்ந்த உறவுகள் ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குமாகப் பிரிந்துபோயின. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய 5 தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதை இவ்வட்டாரத்தில் அறியாதவர் யார்? வீடு பறிபோகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் எதிர்வீட்டு அக்காவும் சேர்ந்தே பறிபோகிறார்கள். குழந்தை நலம் பேசுகிறவர்கள் வீட்டுப் பிரச்சினையை இதிலிருந்து தனியாகப் பார்க்க முடியாது.

இன்றைய தாயின் கணக்கு

இன்றைய நிலையைப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2022ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்குப்படி ஒரு குடும்பத்துக்கான சராசரி வறுமைக் கோட்டு வருமானம் 2,589 ரிங்கிட். ஒரே ஆளின் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓடும் குடும்பம் முழு மாதமும் உழைத்தும் அந்தக் கோட்டைத் தொட முடிவதில்லை. தனியாக நிற்கும் தாய் தொழிற்சாலையில் இரவு வேலையை ஏற்றுக்கொள்கிறாள். பத்து வயது அக்காள் நான்கு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். கதவு வெளியே பூட்டப்படுகிறது.

பக்கத்து வீட்டார் புகார் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பூட்டிய வீட்டில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று அவர்கள் பயப்படுவது நியாயம். தகுந்த மேற்பார்வை இல்லாமல் பிள்ளையைத் தனியே விடுவது நம் சிறார் சட்டத்தில் குற்றம். சமூக நலத் துறை அதிகாரி வருகிறார், பிள்ளைகளை அழைத்துச் செல்கிறார். அந்தத் தாய்க்கு எது இல்லாமல் போனது? பாசம் இருந்தது, உழைப்பும் இருந்தது. இரவு வேலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுச்செல்ல ஒரு பாதுகாப்பான இடம்தான் இல்லை. முன்பு ஆயாக் கொட்டகை நிரப்பிய இடத்தை இன்று யாரும் நிரப்பவில்லை. ஒரு காப்பகத்தால் தீரக்கூடிய குறைக்கு நாம் நீதிமன்ற வழக்கைத் தீர்வாகக் கொடுக்கிறோம்.

சட்டம் சொல்வது என்ன

2001ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தை நம் மக்கள் பயத்தோடுதான் பார்க்கிறார்கள். பயத்தை விட்டுவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். எந்தப் பிள்ளைக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவை என்பதை அதன் 17ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. காயப்படுத்தப்பட்ட பிள்ளை, பாலியல் கொடுமைக்கு உள்ளான பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை, பிச்சை எடுக்க வைக்கப்பட்ட பிள்ளை என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. உணவு, உடை, இருப்பிடம் பற்றிய விதியும் அதில் உண்டு. பெற்றோர் அவற்றைத் தராமல் புறக்கணித்தாலோ, தர மனமில்லாமல் இருந்தாலோ அந்த விதி பொருந்தும். கொடுக்க ஆசைப்பட்டும் கையில் இல்லாத தாயை அந்த விதி குறிவைக்கவில்லை. வறுமை என்ற காரணம் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேவை என்று நீதிமன்றம் கண்டால், அதன் முன் பல வழிகள் இருக்கின்றன. பெற்றோரிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை அவர்களிடமே ஒப்படைக்கலாம். தகுதியுள்ள வேறொருவரின் பொறுப்பில் விடலாம். அவர் பாட்டியாகவோ தாய்மாமனாகவோ இருக்கலாம். பாதுகாப்பு அதிகாரியின் மேற்பார்வையில் வைக்கலாம். வளர்ப்புப் பெற்றோரிடம் தரலாம். பாதுகாப்பு இல்லத்தில் 3 ஆண்டு வரை அல்லது 18 வயது வரை, எது முன்னதோ அதுவரை, வைக்கலாம். நிலைமை மாறினால் உத்தரவை மாற்றக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. 2016ஆம் ஆண்டின் திருத்தம் குடும்பச் சூழலில் பராமரிப்பதற்கு மேலும் இடம் தந்தது.

இங்கே நம் பங்கு ஒன்று இருக்கிறது. உத்தரவு போடுமுன் பிள்ளையின் குடும்பப் பின்னணி, நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ விவரம் ஆகியவை அடங்கிய அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகிறது. அந்த அறிக்கையில் "பொறுப்பேற்க உறவினர் எவரும் முன்வரவில்லை" என்ற வரி இடம்பெற்றால், மாஜிஸ்திரேட்டுக்கு வேறு வழி குறைவு. தாய்மாமன் மூவர் இருக்கும் பிள்ளைக்குக்கூட அந்த வரி எழுதப்படுவதுண்டு. நீதிமன்றம் என்றதும் வேண்டாம் என்று ஒதுங்கிப்போகும் நம் பழக்கம்தான் காரணம்.

உலக நாடுகளும் இதே முடிவுக்கு வந்திருக்கின்றன. 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995ஆம் ஆண்டில் சேர்ந்தது. பிள்ளையின் நலனுக்குத் தேவைப்பட்டாலன்றி அதைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது அதன் 9ஆம் விதி. வறுமையை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது, அந்த வறுமையைக் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அறிகுறியாகக் கொள்ள வேண்டும் என்று 2009ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை ஏற்ற வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

இல்லம் தரக்கூடியது, தர முடியாதது

இல்லங்களை நடத்தும் நல்ல மனிதர்கள் பலர் இந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் மனம் புண்படும்படி நான் எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் நல்ல மனிதர்கள் நடத்தினாலும் இல்லம் வீடாகிவிடாது. காலை வேலைக்கு ஒருவர், இரவு வேலைக்கு ஒருவர் என்று ஆள் மாறும் இடத்தில் ஒரு குழந்தை யாரைத் தன் ஆளாக நம்பும்?

ருமேனியா நாட்டின் புக்காரெஸ்டில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆய்வு இதைக் கண்ணுக்கு நேராகக் காட்டியது. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகியோர், விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியில் முன்னேறினார்கள். 2 வயதுக்கு முன்பே போனவர்கள் அதிகம் முன்னேறினார்கள். சோறும் துணியும் கூரையும் இருந்தும், தன்னையே கவனிக்கும் ஒரு முகம் இல்லாவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பின்தங்குகிறது.

இல்லங்களில் இருப்பவர்கள் எல்லாரும் அநாதைகள் என்று நினைக்கிறோம். அதுவும் சரியல்ல. 2009ஆம் ஆண்டில் சேவ் தி சில்ட்ரன் அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் இப்படிப்பட்ட இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஐவரில் நால்வருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள்.

இல்லம் என்ற பெயர்ப்பலகையே பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதை நம் மாநிலமே 2024 செப்டம்பரில் பார்த்தது. சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் ஜிஐஎஸ்பி என்ற வணிக நிறுவனத்தோடு தொடர்புடைய 20 இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகளைப் போலீசார் மீட்டார்கள். நாடே அதிர்ந்தது. ஆனால் அந்த அதிர்ச்சியிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் சோதனையைக் கடுமையாக்குவதோடு நிற்கக் கூடாது. தாய் தகப்பன் உள்ள பிள்ளைகள் ஏன் இத்தனை எளிதாக வீட்டை விட்டு இல்லங்களுக்குப் போய்ச் சேர்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. தோட்டப் பகுதித் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை வேறு மாவட்டத்து இல்லத்துக்குப் போனால் பள்ளி மாறுகிறது. பல சமயம் படிக்கும் மொழியும் மாறுகிறது. அண்ணன் ஓரிடம், தங்கை ஓரிடம் என்று பிரிக்கப்பட்டால் உடன்பிறப்பும் விருந்தாளியாகிறது. 18 வயதில் வெளியே வரும்போது திருமணத்துக்கும் சாவுக்கும் வந்து நிற்க ஒரு சொந்தம் இல்லாமல் போகிறது.

காகிதம் இல்லாத பாசம்

நம் சமூகத்தில் குடும்பத்தைப் பிரிக்கும் இன்னொரு காரணம் ஆவணக் குறை. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அன்று முதல் முஸ்லிம் அல்லாதார் தங்கள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். கோயிலில் ஊரறியத் தாலி கட்டியிருந்தாலும், பதிவு செய்யாத தம்பதியின் பிள்ளை சட்டத்தின் முன் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையாகிறது. அந்தப் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பின்பற்றுகிறது. தாய்க்கு எந்த அடையாள அட்டையும் இல்லாத நிலை இருந்தால், குடியுரிமையுள்ள தகப்பன் இருந்தும் பிள்ளை குடியுரிமை இல்லாமல் நிற்கிறது. குடியுரிமை இல்லை என்றால் உதவித் தொகை கிடைப்பது கடினம், பள்ளியில் சேர்ப்பது கடினம், மருத்துவமனைக் கட்டணமும் கூடுகிறது. பத்து ஆண்டு வளர்த்த தகப்பனே காப்பாளர் என்று நிரூபிக்க முடியாமல் தவிக்கிறார்.

பாட்டிமாருக்கும் இதே தொல்லை. மகள் இறந்த பின் பேரனை வளர்க்கும் பாட்டியிடம் எந்தப் பத்திரமும் இருப்பதில்லை. பிள்ளையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறவர் ஒரு வாரத்துக்குள் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நம்மில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. தெரிவித்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அஞ்சுகிறோம். உண்மையில், சொந்தக்காரர் பொறுப்பில் பிள்ளை நலமாக இருக்கிறது என்று பதிவாவதுதான் அந்த வளர்ப்புக்குப் பாதுகாப்பு.

பணம் எந்தப் பக்கம் போகிறது

சமூக நலத் துறையின் குழந்தைகள் உதவித் தொகை 2021ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டபோது, 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மாதம் 200 ரிங்கிட், 7 முதல் 18 வயதுவரை 150 ரிங்கிட், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 1,000 ரிங்கிட் என்று நிர்ணயிக்கப்பட்டது. 5, 9, 12 வயதில் மூன்று பிள்ளைகள் உள்ள தாய்க்கு 2021ஆம் ஆண்டின் அந்த விகிதத்திலேயே மாதம் 500 ரிங்கிட் வரும். 1,700 ரிங்கிட் சம்பளக்காரிக்கு அது சிறு தொகை அல்ல. இரவு வேலையை விட்டுப் பகல் வேலைக்கு மாறும் துணிவை அது தரும். இந்த உதவிக்குத் தகுதி உள்ளவர்களே மனுப் போடாமல் இருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாரம் நிரப்பத் தெரியாது, சம்பளச் சான்று கிடைக்கவில்லை, மாவட்ட அலுவலகத்துக்குப் போக ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பவை அதற்குக் காரணங்கள்.

தமிழ்நாட்டில் 2025 செப்டம்பரில் 'அன்புக் கரங்கள்' என்ற திட்டம் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையிலுள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. உறவினர் வீட்டில் இருந்தபடியே படிப்பைத் தொடர உதவுவது அதன் நோக்கம். பிள்ளையைத் தேடி உதவி வருகிறது. உதவியைத் தேடிப் பிள்ளை இல்லத்துக்குப் போக வேண்டியதில்லை. இங்கே நாமும் பின்பற்ற வேண்டிய திசை அதுதான்.

நம் தர்மத்தின் திசையையும் பார்க்க வேண்டும். பிள்ளையின் பிறந்தநாளா, தாத்தாவின் திதியா, இல்லத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். கேக் வெட்டுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் நம் தெருவிலேயே மூன்று பிள்ளைகளோடு திண்டாடும் அக்காளின் வீட்டு வாடகைக்கோ குழந்தைப் பராமரிப்புக்கோ அந்தப் பணம் போவதில்லை. அவள் உடைந்து பிள்ளைகளை இல்லத்தில் விட்ட பிறகு, அதே பிள்ளைகளுக்கு நாம் பிரியாணி கொண்டுபோகிறோம். தர்மம் அந்த வீடு உடையுமுன்பே வாசலில் நிற்க வேண்டும்.

பாதுகாப்புக்கு விலக்கு இல்லை

குடும்பம் குடும்பம் என்று பேசுவது கொடுமையை மூடி மறைக்கும் துணியாகிவிடக் கூடாது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் தகப்பனை, கை நீட்டும் சித்தப்பனை, "குடும்ப மானம்" என்ற பெயரில் காப்பாற்றுவது பெரும் பாவம். 2016ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு பிள்ளையைத் துன்புறுத்துவோருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. அப்படிப்பட்ட வீட்டைப் பற்றித் தெரிந்தால் தாலியான் காசே 15999 எண்ணுக்கு உடனே அழையுங்கள். அங்கேயும் முதலில் வெளியேற வேண்டியவன் கொடுமை செய்தவன். தாயும் பிள்ளையும் சேர்ந்து பாதுகாப்பாக வாழ வழி இருந்தால் அந்த வழியே முந்த வேண்டும். தாயாலும் காக்க முடியாத நிலையில் பாட்டி, அத்தை, மாமன். அதற்குப் பிறகு வளர்ப்புக் குடும்பம். எதுவும் இல்லாதபோது இல்லம். இந்த வரிசை மாறக் கூடாது.

செய்ய வேண்டியவை

இந்த அரங்கை விட்டுப் போகுமுன் உங்களிடம் சில கோரிக்கைகள்.

அரசாங்கத்துக்கு: இரவு வேலைப் பெண்கள் அதிகமுள்ள கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் மாவட்டங்களில் கட்டணம் குறைந்த, இரவிலும் திறந்திருக்கும் பிள்ளைக் காப்பகங்களை அமையுங்கள். பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கும் உறவினருக்கும் தனி உதவித் தொகை கொடுங்கள். தமிழ் பேசும் நல அதிகாரிகளை இவ்வட்டாரத்துக்கு அனுப்புங்கள்.

ஆலய நிர்வாகங்களுக்கு: ஆலயத்தில் நடக்கும் ஒவ்வொரு திருமணமும் பதிவானதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். மாதம் ஒரு நாள் மண்டபத்தைத் திறந்து, படித்த இளைஞர்களை உட்காரவைத்து, உதவிப் பாரங்களை நிரப்பிக் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கு: தொடர்ந்து பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக் கதவை முதலில் நீங்கள் தட்டுங்கள். புகார் போகுமுன் உதவி போய்ச் சேரும்.

உறவினர்களுக்கு: உங்கள் தங்கையின் பிள்ளைகள் நீதிமன்றத்தில் நிற்கும் நாளில் நீங்களும் அங்கே நில்லுங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள்.

இளம் பெற்றோருக்கு: பிள்ளை பிறந்த 60 நாட்களுக்குள் பிறப்பைப் பதியுங்கள். உங்கள் திருமணத்தை அதற்கு முன்பே பதியுங்கள்.

இந்த அறக்கட்டளையாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதல் உங்கள் நிதியில் ஒரு பகுதியை, பிரியும் நிலையிலுள்ள குடும்பங்களைத் தாங்கிப் பிடிக்க ஒதுக்குங்கள். ஒரு குடும்பத்தின் வாடகையை ஆறு மாதம் கட்டினால் மூன்று பிள்ளைகள் தங்கள் தாயோடு இருப்பார்கள். அதைவிடப் பெரிய கல்வித் தொண்டு எனக்குத் தெரியவில்லை.